எந்த ஷோவுக்கு? கொட்டகையில் கிடைத்த 1969 கமேரோவை வாங்கப் போகிறவருக்கு

ஒஹாயோவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரின் கொட்டகையில் 1980களிலிருந்து ஓடாமல் நிற்கும் 1969 செவர்லே கமேரோ விலைக்கு வருகிறது. அது கமேரோவிலேயே அரிய இசட்28 என்ற வகை என்று பெரியவர் சொல்கிறார். எஞ்சின் உள்ளே இருக்கிறது, தரைத்தகட்டில் துரு, பெயின்ட் வெளுத்துவிட்டது. 40,000 டாலர் கேட்கிறார். இதை ஷோவில் பரிசு வாங்கும் தரத்துக்குக் கொண்டுவர எவ்வளவு செலவாகும், எத்தனை வருடம் பிடிக்கும், எவ்வளவு வேலையை நானே செய்யலாம்? கேட்டது மூன்று. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்காத கேள்விகள் இரண்டு நிற்கின்றன. இது உண்மையிலேயே இசட்28தானா? ‘ஷோ தரம்’ என்று நீங்கள் மனதில் வைத்திருப்பது எந்த ஷோவின் தரம்? இந்த இரண்டும் தெரியாமல் செலவுக் கணக்கு சொன்னால் அது ஜோசியம்தான்.

நான் மிச்சிகனில் கார் பெயின்ட் துறையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு பழைய கார்களை ரெஸ்டோர் செய்யும், அதாவது பழைய நிலைக்கே மீட்டெடுக்கும் பட்டறைக்கு வந்தவன். டிங்கரிங், பெயின்ட் இரண்டும் என் பக்கம். என் கை அதிகம் பட்டது ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில்தான்; செவர்லே அவர்களுடையது. ஃபோர்டு, கிரைஸ்லர் பற்றி இங்கே சொல்வது அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்களோடு பேசித் தெரிந்துகொண்டது. எஞ்சினின் உள்வேலையும் தையல் வேலையும் நான் வெளியே கொடுத்து வாங்குகிறவன். சந்தை விலை என் தொழில் இல்லை. அதில் நான் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் ஷோ. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்டு சாலையில் நடக்கும் ட்ரீம் க்ரூஸுக்குப் போனால், பளபளவென்று இருக்கும் எந்தக் காரையும் ஜனங்கள் சுற்றி நின்று ரசிப்பார்கள். உள்ளூர் கார் ஷோக்களும் அப்படித்தான்: நல்ல பெயின்ட், நல்ல குரோம், சுத்தமான எஞ்சின் அறை இருந்தால் கோப்பை வந்துவிடும். அடுத்தது 1935இல் தொடங்கிய ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா மாதிரியான இடம். அங்கே ஒவ்வொரு காரும் 400 புள்ளியோடு தொடங்கும். நடுவர்கள் குறை பார்த்துக் கழித்துக்கொண்டே போவார்கள். வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்காக டீலர் அன்று தயார்செய்து வைத்திருக்கக்கூடிய நிலைதான் அளவுகோல். மூன்றாவது, சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மான்டில் நவம்பர்தோறும் நடக்கும் மசில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸ். அதன் கான்கோர்ஸ் பிரிவில், அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கார் இருக்க வேண்டிய உச்சப் பிரிவில், டார்ச் லைட்டோடு காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பவர்கள், ஒரே மாடலை வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள். போல்ட்டின் தலையில் எந்தக் கம்பெனியின் குறி இருக்கிறது, ஸ்பார்க் பிளக் வயரில் எந்தக் காலாண்டு அச்சாகியிருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள்.

இந்த மூன்றும் ஒரே ஏணியின் படிகள் என்று நினைக்காதீர்கள். முதல் வகை ஷோவில் பரிசு வாங்கித் தரும் வேலையே மூன்றாவதில் புள்ளியைக் குறைக்கும். அங்கே கேட்பது அழகான காரை அல்ல. 1969இல் ஒரு குறிப்பிட்ட வாரம் அந்தத் தொழிற்சாலையின் கதவைத் தாண்டி வெளியே வந்தபோது இருந்த காரை, அதன் அசட்டைகளோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முடிவு செய்தாக வேண்டும். பாதி வேலையில் மனம் மாறினால், அதற்குள் அழிந்துபோன தொழிற்சாலைத் தடயங்கள் திரும்பி வராது.

சரி, கார் எது என்பதற்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. முன்கண்ணாடி வழியாக, ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் மேல் வின் தகடு தெரியும்; வின் என்பது காரின் அடையாள எண். 124379 என்று தொடங்கினால் செவர்லே, வி8 எஞ்சினோடு வந்த கமேரோ கூப்பே, 1969 மாடல். 123 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர். பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்த எழுத்து ‘என்’ என்றால் ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலை, ‘எல்’ என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். அவ்வளவுதான். இசட்28 என்பது வின் எண்ணில் எங்கேயும் கிடையாது. 1969இல் 2,43,000 கமேரோவுக்கு மேல் செய்தார்கள். அதில் இசட்28 20,302. மிச்சமிருக்கும் சாதாரண வி8 கார் எதற்கும் இரண்டு கோடும் ஒரு பேட்ஜும் போட்டால் பார்க்க இசட்28 ஆகிவிடும். ஐம்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு விற்றவர் அவரிடம் சொன்னதை அவர் உங்களிடம் சொல்லலாம்.

எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பான ஃபயர்வாலில் இன்னொரு சின்னத் தகடு இருக்கும். பெயின்ட் எண், உள்ளலங்கார எண், எந்த மாதம் எத்தனையாவது வாரம் கட்டியது என்பதெல்லாம் அதில் உண்டு. 1968 டிசம்பர் வாக்கிலிருந்து நார்வுட் தகடுகளில் எக்ஸ் என்று தொடங்கும் ஒரு குறியும் வந்தது. எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்28ஐக் குறிக்கும். வான் நைஸ் காரிலும் அதற்கு முந்தைய நார்வுட் காரிலும் இந்தக் குறி இருக்காது. இல்லாததால் அது இசட்28 இல்லை என்று ஆகிவிடாது. இருப்பதாலேயே நம்பவும் முடியாது, ஏனென்றால் அந்தத் தகட்டைப் புதிதாகச் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தகடு பழையதா என்பதை ரிவெட், தகட்டைச் சுற்றி இருக்கும் பெயின்ட், எழுத்தின் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் செவர்லேக்காரர்களின் துரதிர்ஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு என்றால் 1967 மாடலிலிருந்து தொடங்கும் கார்களின் தயாரிப்புப் பதிவுகள் மார்ட்டி நிறுவனத்திடம் இருக்கின்றன; வின் எண் கொடுத்தால் காரோடு என்னென்ன வந்தது என்று அறிக்கை தருவார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான பான்டியாக்குக்குப் பழைய பில் நகல் கிடைக்கிறது. கிரைஸ்லரில் வின் எண்ணின் ஐந்தாவது இடமே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 1971 கார்களில் ‘ஆர்’ என்றால் 426 கன அங்குல ஹெமி எஞ்சின். 2014இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் அந்த எஞ்சின் கொண்ட கிரைஸ்லர் காரான 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அப்படி விலை கொடுக்க முடிவதற்கு இந்த மாதிரி அடையாளமும் ஒரு காரணம். அமெரிக்காவில் விற்ற செவர்லேவுக்கு ஒவ்வொரு காராகப் பதிவேடு மிஞ்சவில்லை. கனடாவில் விற்ற கார் என்றால் மட்டும் அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸிடம் தகவல் பெறலாம். மற்றபடி பெரியவரிடம் பழைய டீலர் பில், விலை ஒட்டியிருந்த ஸ்டிக்கர், வாரன்டி கையேட்டுக்குள் பதித்த ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சின்ன உலோகத் தகடு, இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு காகிதம் காரின் பாதி உதிரிபாகங்களை விட மதிப்புள்ளதாக இருக்கலாம்.

அடுத்தது எஞ்சின். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முன்புறம், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கின் மேல் ஒரு சின்னச் சமதளம் இருக்கும்; பேட் என்பார்கள். இசட்28இன் 302 எஞ்சின் என்றால் அதில் வி, நான்கு இலக்கத் தேதி, பிறகு டிஇசட் என்று குத்தியிருக்க வேண்டும். வி என்பது ஃபிளின்ட் எஞ்சின் தொழிற்சாலை. காரின் வின் எண்ணின் கடைசிப் பகுதியும் அதே பேடிலோ, ஆயில் ஃபில்டருக்கு அருகிலோ குத்தியிருக்கும், கியர்பாக்ஸிலும் இருக்கும். பிளாக்கின் பின்விளிம்பில் வார்த்த தேதி இருக்கும்: ஏ 15 9 என்றால் 1969 ஜனவரி 15. வார்த்த தேதி, எஞ்சின் பூட்டிய தேதி, கார் கட்டிய வாரம், மூன்றும் அந்த வரிசையில் வர வேண்டும். கார் மார்ச்சில் கட்டியது, பிளாக் ஜூனில் வார்த்தது என்றால் அது வேறு எஞ்சின். வார்ப்பு எண்ணை மட்டும் வைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். 3970010 என்ற எண் 302இலும் வந்தது, அதற்குப் பின் பல வருடம் சாதாரண 350 எஞ்சின்களிலும் வந்தது.

அந்த பேடின் மேல் முன்னிருந்து பின்னாகப் போகும் மெல்லிய கோடுகள் இருக்கும். தொழிற்சாலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சீவிய இயந்திரம் விட்ட தடம் அது. எண்கள் அந்தக் கோடுகளின் மேல் குத்தப்பட்டவை. பிறகு யாராவது பழைய எண்ணைத் தேய்த்து வேறு எண் குத்தியிருந்தால் கோடுகள் காணாமல் போயிருக்கும், அல்லது வேறு விதமாக இருக்கும். நடுவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது இதைத்தான். இப்போது ஆபத்தைச் சொல்கிறேன். எஞ்சின் வேலைக்குக் கொடுத்தால் பிளாக்கின் மேல்தளத்தைச் சமன்செய்ய மேலாக ஒரு சீவு சீவுவது பட்டறைகளில் சாதாரண வழக்கம். பேடும் அதே தளத்தில்தான் இருக்கிறது. ஒரே சீவலில் எண், கோடு இரண்டும் போய்விடும். எங்களிடம் வந்த ஒருவரின் எஞ்சினுக்கு வேறொரு ஊர்ப் பட்டறையில் இதுதான் நடந்தது. வேலை சுத்தமாக இருந்தது, ஆதாரம் இல்லை. பேடைத் தொடக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள், பிளாக்கின் மேலேயே டேப் ஒட்டி எழுதியும் வையுங்கள். தொடாமல் சீவத் தெரியாத பட்டறையென்றால் வேறு பட்டறை பாருங்கள்.

வின் எண்ணின் பகுதி பாடியிலும் இரண்டு மறைவான இடங்களில் குத்தியிருக்கும்: ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில் ஒன்று, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுச் சல்லடையைக் கழற்றினால் தெரியும் தகட்டில் ஒன்று. இரண்டும் டேஷ்போர்டில் இருப்பதோடு பொருந்த வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், 1969 கமேரோவின் முழு பாடியையும் புதிதாகவே இன்று வாங்கலாம். டைனகார்ன் என்ற நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்கிறது. துருப்பிடித்த காரின் வின் தகட்டைப் பிடுங்கிப் புது பாடியில் மாட்டும் வேலை சட்டப்படி குற்றம். நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும், உங்களுக்கு முன்னால் யாரோ செய்திருக்கலாம். ரெஸ்டோர் செய்யும்போது பெயின்ட்டுக்காக வின் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டுவதும் வம்புதான். கன்சாஸில் 2017இல் ஒருவரின் 1959 கார்வெட் அந்தக் காரணத்துக்காகவே பறிமுதலானது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 2022இல் மாநிலம் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. தகட்டின் மேல் டேப் ஒட்டி மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். பூ வடிவ ரிவெட்டைத் தொடாதீர்கள்.

கார் உண்மையானது என்று வைத்துக்கொள்வோம். உடனே பிரித்துப் போட்டுவிட ஆசை வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைத்தான் பெரும்பாலோர் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். நாற்பது வருட கிரீஸும் மண்ணும் அடியில் ஒட்டியிருக்கிறதே, அதற்குக் கீழே 1969 பாதுகாப்பாக இருக்கிறது. பிரஷர் வாஷர் வைத்து அடித்தால் எல்லாம் போய்விடும். மென்மையான கரைப்பானும் துணியும் வைத்து அடுக்கு அடுக்காக எடுத்தால், முன் சப்ஃபிரேமில் சாக்பீஸ் எழுத்து, பின் அச்சில் பெயின்ட் கோடு, ஸ்பிரிங்கில் ஒட்டிய காகிதத் துண்டு, பூட்டியவர் போல்ட்டை இறுக்கியதும் போட்ட பென்சில் குறி, இவை வெளியே வரும். ஒவ்வொன்றையும் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்து, எந்த நிறம் என்று எழுதி வையுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் தகட்டின் விளிம்பைத் தாண்டி அடியில் எவ்வளவு தூரம் பாடி கலர் தூவியிருக்கிறது, எந்த இணைப்பில் சீலரை விரலால் இழுத்து அப்பியிருக்கிறார்கள் என்பதெல்லாம் படத்தில் இருக்க வேண்டும். இன்னொரு காரில் பார்த்ததை உங்கள் காரில் வரையாதீர்கள். நார்வுட் காருக்கும் வான் நைஸ் காருக்கும் வித்தியாசம் உண்டு, ஒரே தொழிற்சாலையிலேயே மாதத்துக்கு மாதம் மாறியதும் உண்டு. எது எல்லாக் காரிலும் இருந்தது, எது அன்றைய ஷிஃப்டில் ஒருவரின் கைப்பழக்கம் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையில் உங்கள் பக்கம் பேசப்போவது இந்தப் படங்கள்தான்.

துருவைப் பற்றி. ‘தரைத்தகட்டில் துரு’ என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. தரைத்தகடு கிடைக்கும், மாற்றலாம். நான் பார்க்கச் சொல்வது முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுக்கூடம். சல்லடையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கதவுக்கு முன்னால் கீழே வழிந்தால் நல்லது, கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் உள்ளே ஓட்டை. அதைச் சரிசெய்ய டேஷ்போர்டு, முன்பக்கம் எல்லாம் பிரித்து மேல்தகட்டையே வெட்டித் திறக்க வேண்டியிருக்கும். அந்த மேல்தகட்டில்தான் மறைவான வின் எண்ணும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அப்புறம் பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, டிக்கியின் இரண்டு ஓரப் பள்ளங்கள், பின்சக்கரத்துக்கு மேல் வளைவு. கூரையில் வினைல் ஒட்டிய கார் என்றால் இன்னும் சந்தேகமாகப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பின்பக்கத் தகடு முழுக்க ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள்: கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இணைப்பில் தொழிற்சாலையிலேயே ஈயம் உருக்கி நிரப்பினார்கள். அதைத் தேய்க்கும்போது தூசி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பெயின்ட்டை எடுக்க மணல் அடிக்கும் கடைக்கு முழுக் காரையும் அனுப்பிவிடாதீர்கள். பானட், கூரை, கதவு மாதிரி அகலமான தகட்டில் மணல் பட்டால் அது நெளிந்துபோகும். பிறகு மாதக்கணக்கில் தட்டினாலும் நேராகாது. அங்கெல்லாம் பிளாஸ்டிக் துகள் அல்லது கெமிக்கல் ஸ்ட்ரிப்பர், தடித்த பாகங்களுக்கு மட்டும் மணல். பாடியை அமிலத்தொட்டியில் முக்குவது சுத்தமான வழிதான், ஆனால் இரட்டைத் தகட்டின் இடுக்கில் மிஞ்சும் அமிலம் புதுப் பெயின்ட்டுக்குள்ளிருந்து ஒரு வருடம் கழித்து வெளியே வரும். அதை முழுக்க நீக்கி எலக்ட்ரோ-பிரைமரும் போட்டுத் தரும் இடம் என்றால் மட்டும் யோசியுங்கள். தகடு மாற்றும்போது தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்ட் இருந்த இடத்தில் ஸ்பாட் வெல்ட்தான் தெரிய வேண்டும். சாதாரண மிக் வெல்டிங்கால் ஓட்டையை நிரப்பித் தேய்த்தால் டிக்கியைத் திறந்ததும் நடுவருக்குத் தெரிந்துவிடும். கதவு, ஃபென்டர், பானட், ரப்பர், பூட்டு எல்லாவற்றையும் பெயின்ட்டுக்கு முன்னால் ஒருமுறை முழுக்க மாட்டி இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி கழற்றுங்கள். இரட்டை வேலைதான், வேறு வழியில்லை.

இனி என் சொந்த ஏரியா. 1969இல் ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர். ஃபோர்டும் கிரைஸ்லரும் எனாமல். லாக்கர் கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடும், உள்ளே வேதிவினை எதுவும் கிடையாது. அதனால் சூடுபட்டால் மறுபடி இளகும். அதை வைத்தே அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள்: அடித்து, லேசாகச் சூடாக்கி, குறை இருந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி அடுப்பில் விட்டால் மேற்பரப்பு இளகி ஓடித் தேய்த்த கீறல் மறைந்துவிடும். வெளிப்பக்கம் இப்படிப் பளபளப்பாகும். கதவின் உள்விளிம்பு, பானட்டுக்கு அடிப்பக்கம் இதெல்லாம் அவ்வளவு கவனிப்பு இல்லாமல் மங்கலாகவே இருக்கும். இன்றைய முறையில் நிறத்துக்கு பேஸ்கோட், அதன் மேல் நிறமில்லாத கிளியர்கோட் அடித்த காரில் கதவின் உள்விளிம்பும் கூரையும் ஒரே மாதிரி கண்ணாடிபோல் மின்னும். தெருவில் போகிறவருக்கு அது அழகு. கான்கோர்ஸ் நடுவருக்கு அந்த ஈரப்பளபளப்பே முதல் சந்தேகம்.

பழைய லாக்கரையே தேடிப் பிடித்து அடிக்க வேண்டுமா? கரைப்பான் ஆவி பற்றிய விதிகளால் அது கிடைப்பதே கஷ்டம், பல இடங்களில் அடிக்கவும் அனுமதி இல்லை. கிடைத்து அடித்தாலும் சில வருடத்தில் மெல்லிய வெடிப்பு வரும். அது அதன் குணம். பெரும்பாலான ஷோக்களில் நவீன பெயின்ட்டை ஏற்கிறார்கள், தோற்றம் பழையதுபோல் இருந்தால் போதும். நான் செய்வது, சாலிட் கலர் என்றால் கிளியர் இல்லாத ஒற்றை அடுக்கு யூரித்தேன். தேய்த்துப் பாலிஷ் செய்து பளபளப்பைக் கொஞ்சம் இறக்குவேன். மெட்டாலிக் என்றால் கிளியர் இல்லாமல் சரிவராது, அங்கே கிளியரை மெல்லிதாக வைத்துத் தேய்ப்பது. இதில் இன்னொருவர் வேறு வழி சொல்லலாம், அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். சொந்த கேரேஜில் அடிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இந்தப் பெயின்ட்களின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் வாழ்நாள் ஆஸ்துமா. மணமே தெரியாமல் உள்ளே போகும். கடையில் விற்கும் கரி ஃபில்டர் முகமூடியை நம்பாதீர்கள். வெளிக்காற்றை குழாயில் கொண்டுவரும் மாஸ்க் இல்லாமல் ஸ்பிரே துப்பாக்கியைத் தூக்காதீர்கள். வீட்டோடு ஒட்டிய கேரேஜ் என்றால் அடிக்கவே வேண்டாம்.

சின்னச் சாமான்கள் பற்றிச் சுருக்கமாக. போல்ட், கீல், கிளிப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூச்சு உண்டு: சாம்பல் கறுப்பான பாஸ்பேட், தங்கநிறம் அடிக்கும் டைக்ரோமேட், பூச்சே இல்லாத வார்ப்பிரும்பு. எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயின்ட் அடித்தால் வேலை சுத்தமாகத் தெரியும், புள்ளி கிடைக்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரத்தில் எஞ்சின் ஆரஞ்சு பட்டிருக்கும், அதை அப்படியே விடுகிறவர்கள் உண்டு. முதல் முறை எஞ்சின் சூடானதும் அது கருகிவிடும் என்பதால் ஷோவுக்கு முன் எஞ்சினை ஓட்டவே பயப்படுகிறவர்களும் உண்டு. குரோம் வேலைக்கு வருடத்துக்கு மேல் வரிசை இருக்கலாம், முதலிலேயே கொடுத்துவிடுங்கள். துத்தநாக வார்ப்பில் குழி விழுந்த பாகங்களுக்குக் கட்டணம் உங்களைத் திடுக்கிட வைக்கும். கமேரோவுக்குப் புதிதாகச் செய்த பாகம் கிடைக்காதது என்று அநேகமாக எதுவும் இல்லை, ஆனால் அந்தக் காலத்துப் பெட்டியிலேயே பிரிக்காமல் இருந்த பாகத்தின் பொருத்தம் அதற்கு வராது. உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கும் நெளிந்த அசல் பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். தட்டிச் சரிசெய்த அசல், புது நகலை ஜெயிக்கும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கான்கோர்ஸ் தரத்துக்கு ஒரு பட்டறையில் முழுதாகக் கொடுத்தால் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் மணி நேர வேலை வரும். மணிக்கு 80லிருந்து 150 டாலர் வரை கேட்கிறார்கள். பாகம், குரோம், எஞ்சின் எல்லாம் தனி. ஒரு லட்சம் டாலருக்குக் கீழே முடியும் என்று யாராவது சொன்னால், அவர் முதல் வகை ஷோவைப் பற்றிப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லட்சத்தைத் தொடுவது அபூர்வம் இல்லை. காலம், வரிசையில் நிற்பதைச் சேர்த்து இரண்டிலிருந்து நான்கு வருடம். வார இறுதிகளில் மட்டும் நீங்களே செய்தால் இரட்டிப்பு. இந்தத் தொகையை விற்றுத் திரும்ப எடுக்கலாம் என்ற கணக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ரெஸ்டோர் செய்து ஆதாரத்தோடு இருக்கும் இசட்28ஐ, இதைச் செய்து முடிக்கும் செலவை விடக் குறைவாக வாங்க முடியும் என்பதுதான் நான் பார்த்த வரையில் வழக்கம்.

நீங்களே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன: பிரிப்பது, படமெடுப்பது, பையில் போட்டு எண் எழுதுவது, அடிப்பகுதியைச் சுத்தம் செய்வது, சஸ்பென்ஷன், பிரேக், வயரிங், கடைசியாகப் பூட்டுவது. மணிக்கணக்கில் பார்த்தால் பாதி வேலை இதுதான். பழைய பிரேக், கிளச் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வெளியே கொடுக்க வேண்டியவை எஞ்சின் கடைசல், குரோம், பின்பக்கத் தகடு மாற்றுவது, கடைசிப் பெயின்ட், சீட் தையல். வெல்டிங் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் தரைத்தகட்டில் பழகுங்கள், வெளித்தகட்டில் வேண்டாம்.

நான் சொல்லாமல் விட முடியாத இன்னொரு வழியும் உண்டு. உள்ளே இருக்கும் சீட் துணி அசலாக, பெயின்ட் வெளுத்திருந்தாலும் தொழிற்சாலை அடித்ததாக, துரு நீங்கள் சொன்ன அளவில் மட்டும் இருந்தால், ரெஸ்டோர் செய்யாமலேயே விடலாம். பிரேக், பெட்ரோல் டாங்க், டயர், ரப்பர் குழாய்களை மட்டும் மாற்றி ஓடவைத்து, மற்றதைத் தொடாமல் சுத்தம்செய்து வைத்திருக்கும் கார்களுக்குத் தனிப் பிரிவே ஷோக்களில் இருக்கிறது. அந்த மாதிரிக் கார்கள் எங்களுக்குத்தான் பாடப்புத்தகம். கைபடாத ஒன்று வந்தால் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் அடுத்த முறை போகும்போது டார்ச், சின்னக் கண்ணாடி, காந்தம், ஒரு பாட்டில் தண்ணீர், கரைப்பான், துணி எடுத்துக்கொண்டு போங்கள். எஞ்சின் பேடை துணியால் மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டும் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்தால் கோடுகள் தெரியும். ஹீட்டர் பெட்டியை அன்றே கழற்ற அவர் விட மாட்டார். காற்றுச் சல்லடையை சில ஸ்குரூ எடுத்தால் தூக்கிவிடலாம், அனுமதி கேளுங்கள். பேடில் டிஇசட்டும் வின் எண்ணும் பொருந்தி, கோடுகளும் சரியாக இருந்தால் 40,000 பற்றி உட்கார்ந்து பேசலாம். பொருந்தவில்லை என்றால் அது நல்ல 1969 வி8 கமேரோ, அவ்வளவுதான்; அப்படிப்பட்ட சாதாரணக் காரின் விலைக்கு மேல் ஒரு டாலரும் வேண்டாம், கான்கோர்ஸ் யோசனையும் வேண்டாம். பிடித்த கலர் அடித்து, குடும்பத்தோடு ஏறி ஓட்டுங்கள்.